ஏழாவது எபிசோட்: சுத்தம்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த அனிமேயின், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரின், பெயரை எழுதப்போவதில்லை. பெரிய ரகசியமெல்லாம் இல்லை, பெயரே இரண்டரை வரி வருகிறது, அதைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் உங்களுக்கும் எனக்கும் பொறுமை போய்விடும். இந்த மாதிரிக் கதைகள் பெரும்பாலும் இணையத்தில் தொடர்கதையாகத் தொடங்கி, லைட் நாவல் என்ற இளைஞர் நாவலாக அச்சாகி, மாங்கா என்ற சித்திரக்கதையாகி, அப்புறம் அனிமே ஆனவை. ஜப்பானில் யார் வேண்டுமானாலும் கதை எழுதிப் போடக்கூடிய 'ஷோசெட்சுகா நி நரோ' என்ற தளம் 2004-இல் தொடங்கியது, 'எழுத்தாளர் ஆவோம்' என்று பொருள். எல்லோரும் ஆகிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான கதைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் வாசகன் கண்ணில் முதலில் படுவது தலைப்புதான் என்பதால், தலைப்பிலேயே கதைச்சுருக்கம், நாயகனின் குணம், அவனுக்கு நடந்த அநியாயம், அதற்கு அவன் வாங்கப்போகும் பழி எல்லாவற்றையும் திணித்துவிடுகிறார்கள். தலைப்பைப் படித்தவன் தொடரைப் பார்க்கத் தேவையில்லை, நான் பார்த்தேன், என் தலையெழுத்து.

இந்த வாரம் ஏழாவது எபிசோட். விமர்சனம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், மூன்று வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை. நல்ல எபிசோட் என்றால் பாராட்டு தானாக வரும், படுமோசமான எபிசோட் என்றால் கோபம் தானாக வரும், அதுவும் ஒரு சுகம்தான். இது இரண்டுங்கெட்டான். உப்புமில்லை சப்புமில்லை. திட்டினால் 'அவ்வளவு ஒன்றும் மோசமில்லையே' என்று என் மனசாட்சியே எதிர்க்கட்சி வக்கீல் போல எழுந்து நிற்கிறது, பாராட்டினால் அதே மனசாட்சி சிரிக்கிறது. சரி, உரைநடை கைவிட்டது, செய்யுளாவது கைகொடுக்குமா பார்ப்போம் என்று எபிசோடை முதலிலிருந்து ஓடவிட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பாட்டு எழுதினேன். சில இடங்களில் தளை தட்டும், கண்டுகொள்ளாதீர்கள், அந்த எபிசோடில் தட்டாத இடம் எது?

பார்க்காதவர்களுக்கு முன்கதை. அலுவலகத்தில் இரவு பகலாக உழைத்த ஓர் இளைஞன் சாலையைக் கடக்கும்போது லாரி மோதிச் சாகிறான். இசேகாய் என்று சொல்லப்படும் 'வேற்றுலக' வகையில் இந்த லாரி அடிக்கடி வந்துவந்து, ரசிகர்கள் அதற்கு 'டிரக்-குன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் வழக்கில் சொன்னால் லாரித் தம்பி. லாரித் தம்பி அனுப்பிவைத்த நாயகன் மந்திர உலகத்தில் மறுபிறவி எடுக்கிறான், அங்கே அவனுக்குக் கிடைத்த திறன் 'சுத்தம்'. அவ்வளவுதான். தூசி தட்டலாம், கறை போக்கலாம். இது எதற்கும் உதவாது என்று வீரர் குழு அவனைத் துரத்திவிடுகிறது. அப்புறம்தான் தெரிகிறது, அவன் விஷத்தைச் சுத்தம் செய்வான், சாபத்தைச் சுத்தம் செய்வான், எதிரியையே சுத்தம் செய்துவிடுவான் என்று. இந்த ஒரு யோசனையை நான் உண்மையாகவே ரசிக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் எபிசோடில் அவன் ஒரு வாளின் கூர்மையை 'அழுக்கு' என்று நினைத்துத் துடைத்துவிட்டு விழித்தானே, அந்த இடம் நன்றாக இருந்தது.

இனி ஏழு. ஆரம்பப் பாட்டு.

ஓப்பனிங் பாடலில் ஓடுகிறார் நால்வர்
  ஒன்றுமே இல்லாத புல்வெளியில்;
ஏப்பமும் விட்டிட நேரமில்லை, அங்கே
  இத்தனை ஓட்டம் எதற்குத் தம்பி?

ஒன்றரை நிமிடம். ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சி அனிமேயிலும் ஓப்பனிங் ஒன்றரை நிமிடம், எண்டிங் ஒன்றரை நிமிடம். அதைக் குறை சொல்லவில்லை, பாட்டு நன்றாகவே இருக்கிறது, எபிசோடில் வருகிற சண்டைகளைவிட அந்தப் பாட்டில் வருகிற சண்டை எவ்வளவோ மேல். அதுதான் எரிச்சல். இந்த ஓட்டத்தில் காட்டுகிற வாள்வீச்சை ஏழு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கதைக்குள் வந்து சேரவில்லை.

பாட்டு முடிந்ததும் போன வாரக் காட்சி. ஆறாவது எபிசோட் டிராகன் வாயைப் பிளந்த இடத்தில் முடிந்தது அல்லவா, அதே இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய், அதே வசனம், அதே காற்று, அதே பிளந்த வாய்.

போன வாரம் பார்த்த காட்சி
  போட்டு விட்டார் மீண்டுமே;
ஆன நேரம் ரெண்டு நிமிடம்
  ஆந்தை போல நானுமே;
கானகத்தில் டிராகன் வாயைக்
  காட்டி நிற்கும், நிற்குமே;
நானும் வாயைத் திறந்து நின்றேன்
  கொட்டாவிக்கு மட்டுமே.

கணக்குப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. எபிசோட் மொத்தம் 23 நிமிடம் 40 நொடி. ஓப்பனிங்கும் எண்டிங்கும் சேர்ந்து 3 நிமிடம், போன வாரச் சோறு 1 நிமிடம் 50 நொடி, நடுவில் விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் வரும் ஐகேட்ச் அட்டை இரண்டும் சேர்ந்து 10 நொடி, அடுத்த வார முன்னோட்டம் 20 நொடி. கழித்தால் கதைக்கு மிச்சம் 18 நிமிடம் 20 நொடி. அதில் கதை எவ்வளவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிராகன் சண்டை. டிராகன் கணினியில் செய்தது, சிஜி. கணினியில் செய்வது பாவமில்லை. சிறகுள்ள, செதில் செதிலாக உடம்புள்ள ஒரு மிருகத்தை வாரம் தவறாமல் கையால் வரைந்து அசைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். ஆனால் கையால் வரைந்த காட்டுக்குள் கணினி மிருகத்தை நிறுத்தும்போது, வெளிச்சமாவது இரண்டுக்கும் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டாமா? காட்டில் சூரியன் மேற்கே இருக்கிறது, டிராகனுக்கு மட்டும் தனியாக ஒரு சூரியன் கொடுத்திருக்கிறார்கள்.

சிறகை விரித்தது சிஜி டிராகன், அதன்
  செதிலெல்லாம் ஒரே பிளாஸ்டிக் மினுக்கு;
புறத்தே மரமெலாம் கைவரை ஓவியம், நடுப்
  பொம்மைதான் எந்தக் கடைச்சரக்கு?

சண்டை எப்படி முடிகிறது என்று நீங்கள் கேட்கப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். டிராகன் கெட்டதில்லை, அதைச் சாபம் பிடித்திருக்கிறது. நாயகன் கையை நீட்டிச் 'சுத்தம்' என்கிறான், கரும்புகையாக ஒரு பேய் வெளியேறி அலறிக்கொண்டே கரைகிறது. ஆறு எபிசோடாகப் பயம் காட்டி வளர்த்த பகை, ஒரே சொல்லில் முடிந்தது. இங்கேதான் எனக்குத் தமிழ் கைகொடுத்தது. நம் பேச்சில் ஏதாவது அடியோடு கெட்டுப்போனால் கையை விரித்து 'சுத்தம்!' என்று சொல்வோமே, அந்தச் சொல்லை இந்தத் தொடர் நாயகனின் ஆயுதமாகவே கொடுத்திருக்கிறது. இதை விட்டால் பாவம். ஒரு குறள் வெண்பா, தளையெல்லாம் சரியாக இருக்கிறது, அலகிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சுத்தம் எனச்சொன்னான்; சொன்னவுடன் வீழ்ந்ததுபேய்;
சுத்தமாய்ப் போச்சு கதை.

ஏழு சீரில் முடிகிற விஷயத்துக்கு அவர்கள் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள்.

சாபம் நீங்கிய டிராகன் ஒரு சிறுமியாக மாறுகிறது. ஆமாம். அதேதான். மூவாயிரம் வயதாம், பார்க்கப் பத்து வயது, நாயகனை 'எஜமானே' என்று கூப்பிடுகிறாள். இந்த இடத்தில் நான் எந்தப் பாட்டும் எழுதவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்தது கில்ட். சாகசக்காரர் சங்கம். எந்த மந்திர உலகத்துக்குப் போனாலும் அங்கே ஒரு கில்ட் இருக்கும், அதில் சிரித்த முகத்தோடு ஒரு வரவேற்புப் பெண் இருப்பாள், பலகையில் வேலைப் பட்டியல் இருக்கும், தரம் எஃப்-இல் தொடங்கி ஏ வரை ஏறி, அதுக்கும் மேலே எஸ் என்று ஒன்று இருக்கும். ஏ-க்கு மேல் எஸ் எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது, ஜப்பானிய விளையாட்டுகளில் அப்படித்தான் மதிப்பெண் போடுவார்கள். இந்த உலகங்கள் எல்லாமே புராணத்திலிருந்து வந்ததைவிட வீடியோ கேமிலிருந்து வந்ததுதான் அதிகம். 1986-இல் வந்த டிராகன் குவெஸ்ட் விளையாட்டில் தோரியாமா அகிரா வரைந்த ஸ்லைம் என்ற துளி வடிவக் கூழ் மிருகம், முதல் அடியிலேயே சாகிற சின்னப் பூச்சியாக நின்றது, இன்றைக்கும் எந்த அனிமேயைத் திறந்தாலும் புதுமுக வீரன் முதலில் அடிப்பது ஸ்லைமைத்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, பழகிய ஊருக்குப் போவது போல ஒரு நிம்மதி. ஆனால் மானா என்கிற மந்திர சக்தியை அளக்கும் கிரிஸ்டல் பந்து இருக்கிறதே, அது ஒன்றை மட்டும் இனி யாராவது தடை செய்ய வேண்டும்.

கிரிஸ்டல் பந்தில் கையை வைத்தான், அது
  கீறல் விழுந்து நொறுங்கியது;
பரிசோ தித்த பணிப்பெண் ணுக்கோ
  பாதிக் கண்கள் பிதுங்கியது;
"தெரியா மல்தான் தொட்டேன்" என்று
  திருவாய் மலர்ந்தான் நம்பிள்ளை;
பரிகா ரம்தான் யாரோ தருவார்?
  பந்தின் விலையைக் கேட்பதில்லை!

உண்மையாகவே கேட்கிறேன், எத்தனை தொடரில் எத்தனை பந்து உடைந்திருக்கிறது, ஒரு கில்டாவது 'தம்பி, இதற்கு யார் பொறுப்பு?' என்று கேட்டிருக்கிறதா? கருவியின் அளவு எல்லை போதவில்லை என்று தெரிந்தபிறகு பெரிய பந்தாக ஒன்று வாங்கிவைக்கலாம் அல்லவா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஒரு தொடர் வந்தால், பந்து செய்கிற கண்ணாடிக்காரனை நாயகனாக வைத்து, நான் எல்லா எபிசோடையும் முதல் நாளே பார்ப்பேன்.

பந்து உடைந்ததும் கில்டில் இருக்கிற எல்லோரும் ஒரே குரலில் 'ஏஏஏஏ!' என்று அலறுகிறார்கள். அலறும்போது கவனித்தேன், முன்வரிசையில் இருக்கும் மூன்று பேருக்குத்தான் வாய் அசைகிறது, பின்னால் நிற்கும் இருபது பேரும் சிலை. குரல் மட்டும் இருபத்து மூன்று பேருக்கும் உண்டு. இது சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம், ஆனால் இந்தச் சிக்கனம் தொலைக்காட்சி அனிமேயின் பிறப்பிலேயே இருப்பது. 1963-இல் டெசுகா ஒசாமுவின் 'டெட்சுவான் அடோமு' (ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரோ பாய்') தொடர் வாராவாரம் ஒளிபரப்பாகத் தொடங்கியபோதே அசையாப் படத்தை வைத்து ஒப்பேற்றுவது, வாயை மட்டும் அசைப்பது, வரைந்ததையே திரும்பப் பயன்படுத்துவது எல்லாம் வந்துவிட்டது. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடினாலும், மூன்று ஃப்ரேமுக்கு ஓர் ஓவியம் என்று வைத்தால் நொடிக்கு எட்டு ஓவியம் போதும். வாய்க்குத் திறந்தது, பாதி திறந்தது, மூடியது என்று மூன்றே படம். அதுவும் கைவசம் இல்லையா, பேசுகிறவனின் முதுகைக் காட்டிவிடு, வாயே வேண்டாம். இந்த எபிசோடில் நாயகனின் பின்னந்தலையை நான் பார்த்த அளவுக்கு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல தலைமுடி.

சிக்கனம் தப்பில்லை, சேமித்ததை எங்கே செலவழித்தாய் என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு பதில் இந்த எபிசோடில் இருக்கிறது, வருகிறேன்.

அதற்கு முன்னால் கில்டில் ஒரு குண்டன் குறுக்கே வருகிறான். தாடி, தோளில் கோடரி, 'புதுப்பையனே, இது விளையாட்டு மைதானம் இல்லை' என்கிற வசனம். மொத்தம் முப்பது நொடி. இவனுக்கு ஒப்பாரி வைக்காமல் எப்படி விடுவது?

வந்தாயே, முறைத்தாயே, வசனம் மூணு சொன்னாயே,
நொந்தாயே, விழுந்தாயே, நொடியிரண்டில் போனாயே,
பேரென்ன என்றுகூடப் பெற்றவர்கள் வைக்கலையே,
ஊரென்ன என்றுகேட்க ஒருவருமே நிக்கலையே!

இறுதிப் பட்டியலில் பார்த்தேன், குரல் கொடுத்தவரின் பெயருக்கு எதிரே 'சாகசக்காரர் ஆ' என்று போட்டிருந்தார்கள். அப்படியென்றால் 'சாகசக்காரர் அ' யார்? திரும்பப் போய்த் தேடினேன். அலறிய மூவரில் இடது பக்கத்து ஆள். அவனுக்கும் பெயரில்லை, ஆனால் வாய் அசைந்தது, கொடுத்துவைத்தவன்.

இப்போது சத்திரம். ஓர் அறைதான் காலியாக இருக்கிறது என்பதையும், அதில் ஒரு கட்டில்தான் இருக்கிறது என்பதையும், அதைக் கேட்டு யார் யார் எப்படி முகம் சிவந்தார்கள் என்பதையும் விட்டுவிடுகிறேன். சத்திரத்தை நடத்துவது ஒரு பாட்டி. வாடகைக்குப் பதிலாக வீட்டைச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறான் நாயகன். சொல்லிவிட்டுக் கையை நீட்டுகிறான், கூடம் பளிச், ஜன்னல் பளிச், அடுப்புக்கரி எல்லாம் மாயம். வழக்கமான வேடிக்கை இசை. அப்புறம் சமையல்கட்டுக் கதவருகே போகிறான். கதவுச் சட்டத்தில் கரியால் கிழித்த கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கையை நீட்டுகிறான்.

பாட்டி ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். இசை நிற்கிறது. 'அது அழுக்கு இல்லை' என்கிறாள். அவ்வளவுதான் வசனம்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிறுத்தி, பின்னால் போய், ஃப்ரேம் ஃப்ரேமாக ஓடவிட்டுப் பார்த்தேன். பாட்டியின் கை, அதுவரை எபிசோட் முழுக்க மூன்று ஃப்ரேமுக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்த ஓவியம், இங்கே இரண்டு ஃப்ரேமுக்கு ஒன்று. விரல்கள் மணிக்கட்டைப் பற்றியதும் உடனே தளர்கின்றன, பிடித்தது ஒரு விருந்தாளியின் கை என்று அவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது, ஆனாலும் விடவில்லை. கட்டைவிரல் மட்டும் ஒருமுறை லேசாக அசைகிறது. இதை யாரோ ஒருவர், தன் அம்மாவையோ பாட்டியையோ பார்த்து வரைந்திருக்க வேண்டும். சாகுகா என்பார்கள், ஜப்பானிய மொழியில் அதற்கு வெறுமனே படம் வரைதல் என்றுதான் அர்த்தம், ரசிகர்கள் அதை இந்த மாதிரி யாரோ உயிரைக் கொடுத்து அசைத்த இடங்களுக்குச் சொல்கிறார்கள். பொதுவாகச் சண்டைக்காட்சிக்குச் சொல்வது, நான் இந்தக் கட்டைவிரலுக்குச் சொல்கிறேன்.

நாற்பது நொடிதான். ஆனால் ஏழு வாரமாக இந்தத் தொடர் கேட்காமல் விட்ட கேள்வியை அந்தப் பாட்டி கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறவனுக்கு எது அழுக்கு என்று யார் சொல்வது? டிராகன் மேல் இருந்தது சாபம் என்று முடிவு செய்தது யார்? வாளின் கூர்மையைத் துடைத்தவன்தானே இவன்? இங்கேயிருந்து ஒரு தொடரே கிளம்பலாம். இந்தக் காட்சிக்கும் கிண்டலாக ஒரு பாட்டு எழுதத்தான் பார்த்தேன், மூன்று தடவை. பாட்டியைக் கிண்டல் செய்து ஒன்று, கோட்டைக் கிண்டல் செய்து ஒன்று, 'அழுக்கு - வழக்கு - எழக்கூ' என்று எதுகையே சிரிப்பு மூட்டும்படி ஒன்று. மூன்றையும் அழித்தேன். கடைசியில் ஜப்பானியர்களிடமே கடன் வாங்கி, ஹைக்கூ போல மூன்று வரி. எழுத்து எண்ணவில்லை.

கரிக்கோடு ஐந்து;
ஆறாவது கோட்டுக்கு
வளர ஆளில்லை.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று தெரியும்.

சரி, இவ்வளவு நல்ல காட்சியைக் கொடுத்துவிட்டு அடுத்து என்ன செய்தார்கள்? பாட்டி போனதும் நாயகன் இருட்டில் நின்று மனதுக்குள் பேசுகிறான். 'அப்படியா... அது அழுக்கு இல்லை. அது நினைவு. அந்தப் பாட்டிக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கிறான். மனிதர்களின் நினைவுகளை நான் துடைக்கக்கூடாது.' அட ராசா! எங்களுக்குப் புரியாதென்றா நினைத்தாய்? ஐந்து கோட்டைக் காட்டினாய், பாட்டியின் கையைக் காட்டினாய், போதாதா? கதவின் மேல் எழுதியிருந்ததை எங்கள் நெற்றியிலும் எழுதி ஒட்ட வேண்டுமா? நல்ல காட்சியின் மேல் அவனே 'சுத்தம்' போட்டுத் துடைத்துவிட்டான். ஒரு வேளை இதுதான் அந்தத் திறனின் உச்சம் போல.

அதற்கு அடுத்த வெட்டு, குளியல் காட்சி. மூன்று நிமிடம். ஆவி. நான் அந்த நேரத்தில் பாத்திரம் தேய்த்தேன், பளிச்சென்று வந்தது, திறன் எதுவும் இல்லாமல்.

பிறகு எபிசோட் முடிவதற்குள் வில்லன்களை நினைவூட்டியாக வேண்டுமே. பேரரக்கனின் நான்கு தளபதிகள். ஷிதென்னோ என்ற பௌத்தச் சொல், நான்கு திசைகளைக் காக்கும் தெய்வங்களின் பெயர், அனிமே உலகத்தில் அது இருட்டறையில் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும் நாலு பேருக்கு என்று ஆகிவிட்டது.

இருட்டினிலே நாலுபேர் இருக்கையிலே உட்கார்ந்து
உருட்டுகிறார் ஒயின்கிண்ணம்; ஒருவருக்கும் முகமில்லை;
"விரட்டிவிட்டான் நம்மாளை!" "விடு,அவனோ கடைசியாள்!"
திரட்டிவைத்த வசனத்தைத் திருப்பித்தந்தார் மறுபடியும்.

இதில் ஒரு சின்ன நன்மை உண்டு. நிழலுருவம் என்றால் முகம் வரைய வேண்டாம், வாய் அசைக்க வேண்டாம், அசையாத படத்தின் மேல் கேமராவை மெதுவாக நகர்த்தினால் போதும், ஒன்றே முக்கால் நிமிடம் ஓடிவிடும். பாட்டியின் கட்டைவிரலுக்கான உழைப்பு இங்கே மிச்சம் பிடித்ததுதான் என்றால், நாலு தளபதிகளுக்கும் என் நன்றி. ஒயின் கிண்ணம் ஒன்று கீழே விழுந்து உடைகிறது, நாயகன் இந்நேரம் அங்கே இருந்திருந்தால் துடைத்திருப்பான்.

கணக்கு பாக்கி இருக்கிறது. கதைக்கு மிச்சம் 18 நிமிடம் 20 நொடி என்றேனா? அதில் டிராகன் ஐந்து நிமிடம், குளியல் மூன்று நிமிடம், தளபதிகள் ஒன்றே முக்கால், கில்டில் அலறியதும் நொறுங்கியதும் குண்டன் விழுந்ததும் சேர்த்து நாலரை, கட்டிலைப் பார்த்து முகம் சிவந்தது ஒன்றரை, மனதுக்குள் பேசியது ஒரு நிமிடம், மிச்சமெல்லாம் நடந்து போவது, மேகம், ஊரின் கூரைகள். நாற்பது நொடி பாட்டி. எனக்கு இந்த நாற்பது நொடிதான் எபிசோட்.

பன்னிரண்டு எபிசோட் தொடரில் ஏழாவது என்பது வீட்டில் நடுப்பிள்ளை மாதிரி. முதல் எபிசோடில் ஆளைப் பிடிக்க வேண்டும், கடைசி எபிசோடில் பேர் வாங்க வேண்டும், ஆள்பலமும் நேரமும் பெரும்பாலும் அங்கேதான் போகும். ஏழாவதை யாரும் திட்டம் போட்டுக் கெடுப்பதில்லை, திட்டம் போட்டு வளர்ப்பதுமில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நாலு தடவை புதுத் தொடர்கள் மொத்தமாக வந்து இறங்குகின்றன, ஒவ்வொன்றிலும் இப்படிப் பல நடுப்பிள்ளைகள், அவற்றுக்குள் எங்கேயோ பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஒரு கட்டைவிரலை அசைத்துவிட்டுப் போயிருப்பார். அதற்காக எல்லாவற்றையும் பார்க்க முடியுமா என்றால், முடியாது. அதனால்தான் தீர்ப்பு சொல்ல இப்படித் தடுமாறுகிறேன். நேரிசை வெண்பா, இருவிகற்பம்:

நல்லதென்று சொன்னால் நகைப்பார்கள்; மோசமென்று
சொல்லிவிட்டால் பாவம் வரைந்தவர்கள், - அல்லலின்றிப்
பார்த்தேன் இருமுறையும், பாதியிலே மெல்லமெல்லச்
சேர்த்தேன் இமைகள் இரண்டு.

மதிப்பெண் பத்துக்கு ஐந்து. பாட்டிக்காக இன்னொரு அரை. அவன் வாயைத் திறந்து விளக்காமல் இருந்திருந்தால் ஆறரையே கொடுத்திருப்பேன். இதுவரை பார்த்தவர்கள் நிறுத்த வேண்டியதில்லை, பார்க்காதவர்கள் தொடங்க வேண்டியதில்லை. சத்திரக் காட்சி மட்டும் வேண்டும் என்பவர்கள் பதினைந்தாம் நிமிடத்துக்குப் போய், நாயகன் மனதுக்குள் பேசத் தொடங்கியதும் ஒலியை அணைத்துவிடுங்கள். ஒலி இல்லாமல் அது நல்ல காட்சி, அவன் முகத்தைக் காட்டவில்லை, வழக்கம் போலப் பின்னந்தலைதான், ஆனால் அந்த ஓர் இடத்தில் பின்னந்தலை பொருத்தமாக இருக்கிறது.

முன்னோட்டத்தில் அடுத்த வாரம் கடற்கரை. மந்திர உலகத்தில் எல்லோருக்கும் நீச்சலுடை எங்கேயிருந்து கிடைத்தது என்பதை அவர்கள் விளக்குவார்களோ இல்லையோ, நான் இப்போதே எதுகை சேர்க்கத் தொடங்கிவிட்டேன். புனல், அனல், மணல். மணலுக்கு மட்டும் மூன்று சுழி ண வந்து உதைக்கிறது.